அஞ்சு ஸ்டார் இங்க், மூணாம் மாசம் கோடு கோடா பிரின்ட்: ஆன்லைன் ரெவ்யூவை எவ்வளவு நம்பலாம்?

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பதரை மணி. மறுநாள் காலையில் ஸ்கூலில் 'நமது பண்டிகைகள்' ப்ராஜெக்ட் கொடுத்தாக வேண்டும் என்று அப்போதுதான் அக்கா பையனுக்கு ஞாபகம் வருகிறது. நாலே நாலு கலர் படம். பிரின்டரை ஆன் செய்து கொடுத்தால், பொங்கல் படத்தில் மாவிலைத் தோரணம் நீல நிறத்தில் வருகிறது. மஞ்சள் கலர் சுத்தமாக இறங்கவில்லை. மற்ற இடங்களில் வெள்ளை வெள்ளையாகக் கோடு. நங்கநல்லூரில் ஆஞ்சநேயர் கோயில் பக்கம் இருக்கிற ஜெராக்ஸ் கடைகள் எல்லாம் ஷட்டரை இறக்கியாச்சு.

எங்கள் வீட்டில் நடந்த கதை இது. உங்கள் வீட்டிலும் நடந்திருக்கலாம். லாக்டவுன் சமயத்தில் ஆன்லைன் கிளாஸுக்காக பிரின்டர் வாங்கிய வீடுகள் நம் தெருவிலேயே எத்தனை!

நான் வாங்கிய இங்க் சும்மா ஏதோ ஒன்று இல்லை. 4.4 ஸ்டார். ஆயிரக்கணக்கில் ரேட்டிங். 'ஒரிஜினல் போலவே இருக்கு', 'பைசா வசூல்' என்று வரிசையாகப் பாராட்டு. கம்பெனி இங்க் விலையில் பாதிகூட இல்லை. இதுக்கு மேல என்ன வேணும் என்று ஆர்டர் போட்டேன்.

இதில் வெட்கப்பட வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அந்த ஆயிரக்கணக்கான ஸ்டார்களில் அஞ்சு ஸ்டார் நான் போட்டது.

பெட்டிக்குள் இருந்த அந்தச் சின்ன அட்டை

பாட்டில்கள் வந்த பெட்டிக்குள் விசிட்டிங் கார்டு சைஸில் ஓர் அட்டை இருந்தது. 'அஞ்சு ஸ்டார் போடுங்க, ஸ்க்ரீன்ஷாட்டை இந்த வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்புங்க, 50 ரூபாய் கேஷ்பேக்.' இங்க்கை ஊற்றினேன், ஒரு பக்கம் எடுத்துப் பார்த்தேன், பளிச்சென்று வந்தது. அஞ்சு ஸ்டார் போட்டேன், 50 ரூபாயும் வந்தது. நான் பொய் சொல்லவில்லை, அன்றைக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால், மூன்று ஸ்டார் போட்டிருந்தால் அந்த 50 ரூபாய் வந்திருக்குமா?

ரெவ்யூவை விலைக்கு வாங்கும் வழிகளில் இது ரொம்ப சாதாரணமானது. இதைவிடப் பெரிய வழிகள் உண்டு. முதலில் நீங்கள் காசு கொடுத்து வாங்குவீர்கள், அஞ்சு ஸ்டார் போட்டதும் மொத்தப் பணத்தையும் விற்றவர் தனியாகத் திருப்பி அனுப்பிவிடுவார். ஆப்பின் கணக்கில் நீங்கள் நிஜமாகவே வாங்கியவர். அதனால் 'வாங்கியது உறுதி செய்யப்பட்டது' என்ற முத்திரையும் உங்கள் ரெவ்யூவுக்குக் கிடைத்துவிடும். நாம் கண்ணை மூடிக்கொண்டு நம்பும் முத்திரையின் லட்சணம் இவ்வளவுதான்.

இது எவ்வளவு பெரிய தொழில் என்பதற்கு ஓர் உதாரணம். 2022 ஜூலையில், இப்படி ரெவ்யூ பேரம் நடந்த 10,000-க்கும் மேற்பட்ட ஃபேஸ்புக் குழுக்களின் அட்மின்கள் மீது அமேசான் அமெரிக்காவில் வழக்கு போட்டது. அதில் ஒரே ஒரு குழுவில் மட்டும் 43,000 பேருக்கு மேல் இருந்தார்கள்.

இன்னொரு தந்திரம், பழைய பொருளின் ரெவ்யூக்களைப் புதுப் பொருளின் தலையில் ஏற்றிவைப்பது. நன்றாக விற்ற பொருளோடு புதுப் பொருளை 'வேரியன்ட்' என்று இணைத்துவிட்டால், பழசுக்கு வந்த ஸ்டார் எல்லாம் புதுசுக்கும் சேர்ந்து காட்டும். வைட்டமின் மாத்திரைகளில் இதைச் செய்ததாக அமெரிக்க வர்த்தக ஆணையமான எஃப்.டி.சி., தி பவுன்டிஃபுல் கம்பெனி என்ற நிறுவனத்தின் மீது 2023-ல் நடவடிக்கை எடுத்தது. அந்த நிறுவனம் 6 லட்சம் டாலர் கட்ட வேண்டி வந்தது. இங்க்கிலும் ஒரே பக்கத்தில் நாலு மாடலுக்கான பாட்டில்கள் வரிசையாக இருக்கும். நீங்கள் படிக்கும் பாராட்டு எந்த பாட்டிலுக்கு வந்தது என்று கவனித்திருக்கிறீர்களா?

நேர்மையான ரெவ்யூவும் ஏன் கைகொடுக்காது?

சரி, போலி ரெவ்யூக்களை எல்லாம் வடிகட்டிவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். மீதி இருப்பவை நல்ல மனுஷங்க எழுதியவை. அதை நம்பலாமா? இங்க் விஷயத்தில் அங்கேயும் ஒரு சிக்கல் இருக்கிறது.

ஹெட்போன் வாங்கினால் ஒரே நாளில் அதன் தரம் காதுக்குத் தெரிந்துவிடும். இங்க் அப்படி இல்லை. தலைமுடியைவிட மெல்லிய ஓட்டைகள் வழியாக, பிரின்டரின் ஹெட் மையைத் துளித் துளியாகத் தெளிக்கிறது. மை சரியில்லை என்றால் முதல் நாளே அடைக்காது. உள்ளே கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ந்து, படிந்து, சில வாரங்களோ மாதங்களோ கழித்துத்தான் கோடு விழ ஆரம்பிக்கும். போட்டோ மங்குவது தெரிய இன்னும் நாளாகும். ஆனால், நாம் ரெவ்யூ எழுதுவது எப்போது? பெட்டியைப் பிரித்த அன்றைக்கு. ஆப்பும் டெலிவரி ஆன சில நாட்களிலேயே 'எப்படி இருக்கு, ரேட் பண்ணுங்க' என்று நோட்டிஃபிகேஷன் அனுப்பிவிடுகிறது. சாம்பாரை அடுப்பில் வைத்தவுடனேயே ருசி கேட்கிற மாதிரி.

இரண்டாவது, மாடல். எப்சன் பிரின்டர்களின் ஹெட் மின்சாரத்தால் வளைந்து மையைத் தள்ளுகிறது. ஹெச்பி, கேனான் வீட்டு பிரின்டர்களில் பெரும்பாலானவை மையைச் சூடாக்கித் தெளிக்கின்றன. மையிலும் இரண்டு வகை: தண்ணீரில் கரைந்த சாயம், மிக நுண்ணிய துகள்கள் மிதக்கும் பிக்மென்ட். ஒன்றுக்கு ஒத்துப்போவது இன்னொன்றுக்கு ஒத்துப்போக வேண்டும் என்று கட்டாயமில்லை. 'எல்லா பிரின்டருக்கும் சேரும்' என்று எழுதியிருந்தால் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

மூன்றாவது, சாஃப்ட்வேர். சிப் வைத்த கார்ட்ரிட்ஜ்களில் இதுதான் பெரிய தலைவலி. 2016 செப்டம்பர் 13 அன்று உலகம் முழுக்க பல ஹெச்பி ஆஃபீஸ்ஜெட் பிரின்டர்கள், அதுவரை வேலை செய்துகொண்டிருந்த வேறு கம்பெனி கார்ட்ரிட்ஜ்களை திடீரென ஏற்க மறுத்தன. முன்பே வந்திருந்த ஃபர்ம்வேருக்குள் அந்தத் தடை காத்துக்கொண்டிருந்தது. எதிர்ப்பு கிளம்பியதும், தடையை நீக்கும் அப்டேட்டை ஹெச்பி கொடுத்தது. ஆனால், 'டைனமிக் செக்யூரிட்டி' என்ற பெயரில் பல மாடல்களில் அந்த முறை தொடர்கிறது. போன வருஷம் ஒருவர் 'சூப்பரா வேலை செய்யுது' என்று நேர்மையாக எழுதியிருப்பார். நடுவில் ஓர் அப்டேட் வந்திருந்தால், அது காலாவதியான உண்மை.

ஆக, ஸ்டார் எண்ணிக்கை நமக்குச் சொல்வது முதல் நாளைப் பற்றி. நமக்குத் தெரிய வேண்டியது மூன்றாவது மாதத்தைப் பற்றி.

கோடு விழுந்த பிறகு வரும் ஆபத்து

அன்று ராத்திரி பதற்றத்தில் நான் அடுத்து செய்தது, பிரின்டர் கம்பெனி பெயரோடு 'கஸ்டமர் கேர் நம்பர்' என்று போனில் தேடியது. மேலே வந்த ஓர் எண்ணை அழைத்தேன். எடுத்தவர் ரொம்ப பணிவாகப் பேசினார். 'உங்க டிரைவர் கரப்ட் ஆயிடுச்சு சார், போன்ல ஒரு ஆப் போடுங்க, நான் இங்கிருந்தே சரி பண்றேன்' என்றார். ஆப் பெயரைக் கேட்டதும் போனை வைத்துவிட்டேன். அது நம் ஸ்க்ரீனை எதிராளி பார்க்கவும் இயக்கவும் விடுகிற ஆப். ஹெட் அடைப்புக்கும் டிரைவருக்கும் சம்பந்தமே இல்லை, அதிலும் போனுக்கு என்ன வேலை?

இதில் ஒரு தடவை மாட்டினால் போவது இங்க் காசு மட்டும் இல்லை, பேங்க் பேலன்ஸும்தான். இப்படி ஸ்க்ரீன் பகிரும் ஆப்கள் வழியாக யுபிஐ பணம் திருடப்படுவதைப் பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே வங்கிகளை எச்சரித்தது. அப்போது எனிடெஸ்க் ஆப்பின் பெயரையே அது குறிப்பிட்டது. எனிடெஸ்க் மோசடி ஆப் கிடையாது. சாவியை யாரிடம் கொடுக்கிறோம் என்பதுதான் பிரச்னை. 2023 அக்டோபரில் சிபிஐ 'ஆபரேஷன் சக்ரா 2' என்ற பெயரில் நாடு முழுக்க 76 இடங்களில் சோதனை நடத்தியது. டெக் சப்போர்ட் என்ற போர்வையில் வெளிநாட்டு வாடிக்கையாளர்களை ஏமாற்றிய கால் சென்டர்கள் பற்றி மைக்ரோசாஃப்ட்டும் அமேசானும் கொடுத்த புகார்களும் அதில் அடங்கும்.

எனவே, சப்போர்ட் எண்ணைத் தேடலில் எடுக்காதீர்கள். பிரின்டர் பெட்டியில், வாரன்டி கார்டில், கம்பெனியின் சொந்தத் தளத்தில் இருப்பதை மட்டும் நம்புங்கள்.

ரெவ்யூ போட்டா சம்பளமாம்!

அந்த 50 ரூபாய் அட்டைக்கு ஒரு பெரிய அண்ணன் உண்டு. டெலிகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் 'வீட்டிலிருந்தே பார்ட் டைம் வேலை, ரேட்டிங் போட்டால் போதும்' என்று மெசேஜ் வந்திருக்கும். மூன்று ஹோட்டலுக்கு ஸ்டார் போடு, 150 ரூபாய். அந்தப் பணம் நிஜமாகவே வரும். மறுநாள் இன்னும் கொஞ்சம் வரும். பிறகு, 'பிரீமியம் டாஸ்க்' என்று உங்களை முதலில் பணம் கட்டச் சொல்வார்கள். ஆயிரம், ஐயாயிரம், ஐம்பதாயிரம். ஸ்க்ரீனில் லாபம் ஏறிக்கொண்டே போகும், எடுக்க மட்டும் முடியாது.

இப்படி டாஸ்க் வேலை, முதலீடு என்ற பெயரில் ஏமாற்றிய 100-க்கும் மேற்பட்ட இணையதளங்களை மத்திய அரசு முடக்கியதாக உள்துறை அமைச்சகம் 2023 டிசம்பர் 6 அன்று அறிவித்தது. ஓய்வு பெற்றவர்கள், பெண்கள், வேலை தேடும் இளைஞர்கள் ஆகியோரைத்தான் இவர்கள் குறிவைக்கிறார்கள் என்றது அந்த அறிவிப்பு. கவனியுங்கள், பொய் ரெவ்யூ போடுவது இங்கே தூண்டில் புழு. 'சும்மா ஸ்டார் போடறதுல என்ன தப்பு?' என்று நம்மைப் பழக்கிவிட்டதால்தான் அந்தப் புழு வேலை செய்கிறது. பணம் போய்விட்டால் தயங்காமல் உடனே 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை நடுவழியில் நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.

சட்டம் என்னதான் சொல்கிறது?

நிறையவே சொல்கிறது. 2020 ஜூலையில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு இணைய வணிக விதிகளின்படி, விற்பவர் தன்னை வாடிக்கையாளர் போலக் காட்டிக்கொண்டு ரெவ்யூ போடக் கூடாது. புகார் கொடுத்தால் 48 மணி நேரத்துக்குள் குறைதீர் அதிகாரி அதைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும்.

2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைவனமான பிஐஎஸ், ஆன்லைன் ரெவ்யூக்களுக்கென்றே ஐஎஸ் 19000 என்ற தர விதியைக் கொண்டுவந்தது. காசு கொடுத்து வாங்கிய ரெவ்யூவைப் போடக் கூடாது, எழுதியவர் நிஜ ஆள்தானா என்று சரிபார்க்க வேண்டும், மோசமான ரெவ்யூ என்பதற்காக மறைக்கக் கூடாது. எல்லாம் சரி. ஆனால், விருப்பம் இருந்தால் பின்பற்றலாம் என்ற நிலையில்தான் அது வந்தது. கட்டாயமாக்கும் யோசனையோடு நுகர்வோர் விவகாரத் துறை 2024 மே மாதம் நிறுவனங்களை அழைத்துப் பேசியது. அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவின் எஃப்.டி.சி., பொய் ரெவ்யூக்களையும், 'நல்லா எழுதினால்தான் பரிசு' என்ற பேரத்தையும் தடை செய்து விதி வெளியிட்டது. பெட்டிக்குள் இருந்த அந்த அட்டை, அங்கே நேரடியாகத் தடை செய்யப்பட்ட சரக்கு.

யூடியூப், இன்ஸ்டாவில் 'இந்த இங்க் வாங்குங்க, லிங்க் பயோல இருக்கு' என்பவர்களுக்கும் விதி உண்டு. 2023 ஜனவரியில் நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பணம் வாங்கினால் மட்டும் இல்லை, பொருளை இலவசமாக வாங்கியிருந்தாலும் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். தவறான விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் போட மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது.

சட்டம் இருக்கிறது. ஆனால், கோடிக்கணக்கான ரெவ்யூக்களில் எது பொய் என்று ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டு யாரும் நம் வீட்டுக்கு வரப்போவதில்லை. வாங்கும் நேரத்தில் நம் கண்தான் நமக்குக் காவல்.

அடுத்த தடவை இப்படிப் பாருங்க

* அஞ்சு ஸ்டாரையும் ஒரு ஸ்டாரையும் விடுங்கள். 2, 3 ஸ்டார் ரெவ்யூக்களைப் படியுங்கள். காசு கொடுத்து யாரும் 3 ஸ்டார் வாங்குவதில்லை.
* வரிசையை 'புதியவை முதலில்' என்று மாற்றுங்கள். 'மூணு மாசம் கழிச்சு எழுதறேன்' என்று ஆரம்பிக்கும் ஒரு ரெவ்யூ, முதல் நாள் எழுதிய நூறுக்குச் சமம்.
* உங்கள் பிரின்டர் மாடல் எண்ணைப் போட்டு ரெவ்யூவுக்குள் தேடுங்கள். மாடல் பெயரே இல்லாத 'சூப்பர், நைஸ்' எல்லாம் கணக்கில் வேண்டாம்.
* தயாரிப்பாளர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, எந்த நாட்டில் தயாரானது, அதிகபட்ச விலை ஆகியவை பக்கத்தில் இருக்கின்றனவா பாருங்கள். இவற்றைக் காட்டியே ஆக வேண்டும் என்பது விதி.
* கம்பேட்டிபிள் வேறு, போலி வேறு. சொந்தப் பெயரில் இங்க் விற்பது குற்றம் இல்லை, அதில் நல்லதும் உண்டு. எப்சன், ஹெச்பி என்று அடுத்தவர் பெயரை ஒட்டி விற்பதுதான் போலி. வணிகச் சின்னச் சட்டப்படி அதற்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை.
* பில், பெட்டி, அன்பாக்ஸிங் வீடியோ, பக்கத்தின் ஸ்க்ரீன்ஷாட். நாலையும் பத்திரமாக வையுங்கள்.
* வாரம் ஒரு தடவையாவது ஒரு கலர் பக்கம் எடுங்கள். சும்மா கிடந்தால் நல்ல இங்க்கும் காயும், அதுவும் நம்ம ஊர் கத்திரி வெயிலில் கேட்கவே வேண்டாம்.

ஏமாந்துவிட்டால், முதலில் ஆப்பின் குறைதீர் அதிகாரி. அங்கே நடக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்கு போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது.

திரும்பிப் போய் நிற்க ஒரு கவுன்டர்

மறுநாள் காலை ஏழு மணிக்கு, எங்கள் தெரு முனை ஜெராக்ஸ் கடையில் நாலு படத்தையும் எடுத்துக்கொடுத்து பையனை ஸ்கூலுக்கு அனுப்பினோம். கடைக்காரரிடம் அவர் என்ன இங்க் ஊற்றுகிறார் என்று கேட்டேன். அவரும் கம்பெனி இங்க் இல்லை, கம்பேட்டிபிள்தான். ஆனால், ஒரே டீலரிடம் வருஷக்கணக்காக வாங்குகிறார். சரியில்லாத பாட்டிலைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுப்பாராம்.

நான் பார்க்காமல் விட்டது அதைத்தான். கடைக்காரர் சொல்வதெல்லாம் வேதவாக்கு இல்லை. அவருக்கும் லாபம் உண்டு, ரிச்சி தெருவிலும் போலி இருக்கும். ஆனால், மூன்றாவது மாதம் கோடு விழுந்தால் நங்கநல்லூர் ரோடு ஸ்டேஷனில் மெட்ரோ ஏறி, கவர்ன்மென்ட் எஸ்டேட்டில் இறங்கி, அதே கவுன்டரில் போய் நின்று கேட்கலாம். 4.4 ஸ்டாருக்கு அப்படி ஒரு கவுன்டர் இல்லை. அட்டையில் இருந்த வாட்ஸ்அப் எண்ணுக்கு நான் அனுப்பிய மெசேஜ் இன்னும் ஒற்றை டிக்கில்தான் நிற்கிறது. ஆன்லைனில் வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. வாங்கும் முன், 'இது கெட்டுப்போனால் யார் கிட்ட போய் நிற்பேன்?' என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். பதில் இருந்தால் வாங்குங்கள்.

நான் செய்த கடைசி வேலை, என் பழைய ரெவ்யூவைத் திருத்தியது. அஞ்சு ஸ்டாரை ஒன்றாக்கினேன். பிரின்டர் மாடல், வாங்கிய தேதி, மஞ்சள் நின்றுபோன தேதி, கோடு விழுந்த பக்கத்தின் போட்டோ, கூடவே அந்த 50 ரூபாய் அட்டையின் போட்டோ. ஹெட் க்ளீனிங் மூன்று தடவை போட்டும் மஞ்சள் இன்னும் முழுசாகத் திரும்பவில்லை.

நீங்களும் ஏதோ ஒரு பொருளுக்கு முதல் நாளே அஞ்சு ஸ்டார் போட்டிருப்பீர்கள். இன்று ராத்திரி ஆப்பைத் திறந்து அதைக் கொஞ்சம் பாருங்கள். இன்னும் அது உண்மைதானா? இல்லை என்றால் திருத்துங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பதரை மணிக்கு எந்த வீட்டிலோ ஒருவர் அதைப் படித்துவிட்டுத்தான் ஆர்டர் போடப்போகிறார்.